தாய்வீட்டுக் கோடை

பாலைத் திணைக்குத் தொல்காப்பியர் நிலம் வகுக்கவில்லை. பொழுது மட்டுமே வகுத்தார். வேனிலும் நண்பகலும் அதற்குரிய பொழுதுகள். வேனிலில் தலைவன் பொருள்தேடிப் பிரிவதும், தலைவி இல்லிருந்து வழிநோக்குவதும், கார்காலத் தொடக்கத்தில் அவன் தேர் மீள்வதும் சங்கப் பாடல்களைப் பயின்றோர் நன்கறிந்த ஒழுங்கு. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கையில் இவ்வொழுங்கு ஏறத்தாழத் தலைகீழாயிற்று. பொருள்வயிற் பிரிந்து சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று குடியேறிய குடும்பங்கள், கத்திரி வெயில் கொளுத்தும் சித்திரை வைகாசியில் ஊர் மீண்டன. மீண்டவருள் தலைவன் பெரும்பாலும் இல்லை. அவன் நகரத்து அலுவலகத்தோடு நின்றுவிட்டான். உணவு விடுதியில் சாப்பிட்டான். தலைவியே பிள்ளைகளையும் பெட்டியையும் கூஜாவையும் கொண்டு வண்டி ஏறினாள். ஆண்டுதோறும் நிகழ்ந்த இப்பயணத்துக்குக் 'கோடை விடுமுறை' என்று பெயர்.

அப்பெயர் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து இடப்பட்டது. விடுமுறை பள்ளிக்கூடத்துக்குரியது, அடுப்படிக்கு எவரும் விடுமுறை அறிவித்ததில்லை. பின்னாளில் வளர்ந்து எழுத வந்தவர்களும் அப்பிள்ளைகளே ஆதலின், ஆச்சி வீடு, ஆற்றுக் குளியல், நுங்கு, மொட்டைமாடிப் படுக்கை என்று அவர்கள் கண்ட கோடையே எழுத்தில் நின்றது. அக்கோடையை அவர்களுக்கு வாய்க்கச் செய்த காரணம் வேறு. மணமாகிப் போன மகளொருத்தி தான் பிறந்த வீட்டுக்கு வருவதற்குப் பிள்ளைகளின் விடுமுறையே அவளுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக இருந்தது. நெல்லைச் சீமையின் கோடைகளை வரிசையாக வைத்து நோக்கினால் இது புலப்படும்.

வழக்கம் பழமையானதன்று. திண்ணைப் பள்ளிகள் அமாவாசை, பௌர்ணமி, திருவிழா ஆகிய நாள்களை ஒட்டி ஓய்வு கண்டவை. வெயிலை அளவாகக் கொண்ட நீண்ட விடுமுறை ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலும் உயர்நீதிமன்றம் 1862இலும் தோன்றின. 1870 முதல் உதகமண்டலம் மாகாண அரசின் கோடைத் தலைமையிடமாயிற்று. மலைக்கு ஏறுகின்ற துரைகளின் வசதியை ஒட்டி வகுக்கப்பட்ட நாள்காட்டி, மலைக்கு ஏறாத குமாஸ்தாவின் பிள்ளைக்கும் பொருந்துவதாயிற்று. இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டபோது, கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே இருந்தனர். தென்னாட்டு விடுதலைப் போரின் புகழ்பெற்ற அந்நிகழ்ச்சியின் பின்னணியிலும் ஒரு குடும்பத்தின் கோடைப் பயணம் இருக்கிறது.

நாள்காட்டி மட்டும் போதாது, பாதையும் வேண்டும். 1876இல் இருப்புப்பாதை மதுரையைக் கடந்து தூத்துக்குடிக்கும், மணியாச்சியிலிருந்து பிரிந்து திருநெல்வேலிக்கும் வந்தது. 1903இல் கல்லிடைக்குறிச்சி வழியாகச் செங்கோட்டையை எட்டியது. மறு ஆண்டே மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைந்தது. 1908இல் எழும்பூர் நிலையம் திறக்கப்பெற்றது. 1923இல் திருச்செந்தூருக்கும் வண்டி ஓடிற்று. ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவை ஒரு பெண், பெரிய ஆண்துணை யின்றி, மூன்று பிள்ளைகளோடு ஓர் இரவில் கடக்கலாம் என்பது அதற்கு முந்திய தலைமுறை எண்ணிப் பார்த்திராத செய்தி. மாட்டுவண்டிக் காலத்தில் தொலைவில் மணம் செய்து கொடுக்கப்பட்ட மகள் தாயைக் காண்பது பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்குமே என்றிருந்தது. ரயில் அதை ஆண்டுக்கொரு முறை என மாற்றிற்று. அதே ரயில்தான் அவளை அத்தனை தொலைவுக்குக் கொண்டுபோனதும் என்பதை மறப்பதற்கில்லை.

அப்பயணத்தின் பொருள்களைப் பற்றி முதியோர் சலிக்காமல் பேசுவர். இன்லண்டு கடிதத்தில் முன்கூட்டியே எழுதிய வருகைத் தேதி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, ஹோல்டாலில் சுருட்டிய படுக்கை, கண்ணில் விழுந்த கரித்துகள், மணப்பாறையில் முறுக்கு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். 1974இல் பெயர் நீங்கும் வரை பெரும்பாலோர்க்கு மூன்றாம் வகுப்புத்தான். மணியாச்சியில் தூத்துக்குடிப் பெட்டிகள் பிரியும். தாழையூத்து கழிந்ததும் பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பவுடர் பூசிவிடும் தாய்மாரை அவ்வண்டிகளில் பெட்டிக்கொருவராகக் காணலாம். பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் குதிரைவண்டியில் சுலோசன முதலியார் பாலத்தைக் கடப்பார்கள். கலெக்டர் அலுவலகச் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் பொருளைச் செலவிட்டு 1843இல் முடித்த பாலம் அது. கீழே தாமிரபரணி கோடைக்குரிய மெலிவோடு மணல் நடுவே ஓடும். பிள்ளைகள் ஆற்றைப் பார்த்துக் கூவுவர். தாய் மறுகரையைப் பார்ப்பாள்.

இவ்விடத்தில் 'சொந்த ஊர்' என்னும் தொடரை ஆராய வேண்டியுள்ளது. தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் நிகழ்வதே மரபாதலின், பலருக்குப் பிறந்த ஊர் தாயின் ஊர். ஆனால் பெயரின் முன்னெழுத்திலும் பத்திரங்களிலும் நிற்பது தந்தையின் ஊர். உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்தது அன்னையாரின் ஊராகிய சூரியமூலையில். அவர் பெயரோடு ஒட்டி நிலைத்ததோ தந்தையார் வழிவந்த உத்தமதானபுரம். ஓர் எழுத்தளவு இடங்கூடத் தாயின் ஊருக்கு இல்லை. அரசும் இதையே பின்பற்றிற்று. 1956இல் மத்திய அரசு ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை வந்தபோது, 'சொந்த ஊர்' எது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. படிவத்தில் ஒரே ஓர் ஊருக்குத்தான் இடம். கணவன் எழுதிக்கொடுத்த ஊருக்குச் சலுகைக் கட்டணத்தில் போய், அங்கிருந்து தன் காசில் தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறிய பெண்கள் எத்தனையோ பேர்.

நெல்லைச் சீமையில் இவ்விரு ஊர்களுக்கும் இரண்டு தனித்தனி மீட்சிகள் இருந்தன என்பது கருதத்தக்கது. பங்குனி உத்திரத்தன்று எங்கிருந்தாலும் குடும்பத்தோடு வந்து குலதெய்வமாகிய சாஸ்தாவை வணங்குவது இச்சீமைக்கே உரிய வலிய வழக்கம். அது தந்தைவழி மீட்சி. மணமான பெண்ணுக்கு அன்றுமுதல் கணவனின் சாஸ்தாவே சாஸ்தா. தகப்பன் வீட்டுச் சாஸ்தாவின் பொங்கலில் அவளுக்குப் பங்கில்லை. பங்குனி முடிந்து சித்திரை பிறந்த பிறகு நிகழ்ந்த கோடை மீட்சியோ தாய்வழிப்பட்டது. முன்னதற்குத் தெய்வமும் சடங்கும் பெயரும் இருந்தன. பின்னதற்கு எதுவும் இல்லை. பள்ளிக்கூட விடுமுறை என்ற சாக்கு ஒன்றுதான் இருந்தது.

சித்திரையும் வைகாசியும் அதற்கு வாய்ப்பாக அமைந்தமைக்கு ஆற்றுப்பாசனமும் ஒரு காரணம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு பூக்கள். பிசான அறுவடை மாசியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். கார்நடவுக்குத் தென்மேற்குப் பருவமழை இறங்கி ஆற்றில் தண்ணீர் வரவேண்டும். இடைப்பட்ட இரண்டு மாதம் வயல் சும்மா கிடக்கும். குலுக்கையும் பத்தாயமும் நிறைந்திருக்கும். இரண்டு மகள்களும் ஏழெட்டுப் பேரப்பிள்ளைகளும் ஒன்றரை மாதம் வந்திருந்து உண்பதை ஒரு நடுத்தர வேளாண்குடி தாங்கக்கூடிய காலம் அதுவே. ஆச்சியின் அன்பைப் பாடுவோர் பிசான நெல்லையும் ஒரு வரி பாடலாம். ஆனி பிறக்குமுன் பள்ளி திறந்துவிடும். ஆதலால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரும் குற்றாலத்துச் சாரலின் முழு வீச்சும் இப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கேள்விச் செய்திகளே. "ஆனித் தேரு வரைக்கும் இருந்துட்டுப் போனா என்னட்டீ" என்று ஆச்சி கேட்பதும், மகள் பதில் சொல்லாமல் துணி மடிப்பதும் ஆண்டுதோறும் நிகழும்.

வீட்டினுள்ளே நடந்தது என்ன? தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என நீளும் நெல்லை வீட்டில் பிள்ளைகள் தார்சாவையும் தட்டட்டியையும் ஆண்டனர். பெண்கள் அடுக்களையிலும் புறவாசலிலும் இருந்தனர். வந்த மகள் ஓய்ந்திருந்தாள் என்று எண்ண வேண்டா. கோடை, வத்தல் போடும் காலம். கூழ்வத்தல், மோர்மிளகாய், சுண்டை வத்தல், மாவடு, ஊறுகாய் என்று ஓராண்டுக்குரிய சேமிப்பு அவ்வாறு வாரத்தில் முடிய வேண்டும். விடியுமுன் கூழ் கிண்டி, வேட்டி விரித்து வத்தல் ஊற்றிவிட்டுக் கீழிறங்குவார்கள். காக்கை விரட்டுவது பிள்ளைகள் பங்கு. எனினும் இவ்வேலைக்கும் நகரத்தில் அவள் செய்யும் வேலைக்கும் வேறுபாடு உண்டு. இங்கே அவளை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டனர். சென்னையில் அவள் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா. புறவாசலில் கூழ் கிண்டுகையில் அவள் மீண்டும் இளைய மகளானாள். தாய் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

இந்த இன்பத்துக்கும் விலை கொடுத்தவள் ஒருத்தி உண்டு. அவள் அவ்வீட்டின் மருமகள். நாத்தனார்கள் வந்திருக்கும் ஒன்றரை மாதமும் இருபது பேருக்கு உலை வைத்தவள் அவளே. அவளுடைய தாய்வீடும் எங்கோ ஓர் ஊரில் பிசான நெல்லோடு காத்திருந்தது. வந்தவர்கள் புறப்படுமுன் அவள் புறப்பட முடியாது. புறப்படும் நாளிலோ அவள் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்துவிடும். ஒரு பெண்ணின் மீட்சி மற்றொருத்தியின் தடையாக அமைந்த இந்தச் சிக்கலைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. தென்பாண்டி வழக்கில் அண்ணன் மனைவியும் மதினி. கணவனின் அக்காளும் மதினி. அடுக்களையில் எதிரெதிரே அமர்ந்து காய் நறுக்கிய இருவரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் அழைக்கக் கூடிய உறவு அது.

எல்லாப் பெண்களுக்கும் இக்கோடை கிடைக்கவில்லை என்பதையும் கூறாமல் விடலாகாது. தேரிக்காட்டுப் பனையேறிக் குடும்பங்களுக்குச் சித்திரை வைகாசி பதநீர்ப் பருவம். பெண்கள் நாள் முழுதும் விறகடுப்பில் கருப்பட்டி காய்ச்சுவர். விருந்துப் பிள்ளைகள் குடித்து மகிழ்ந்த பதநீரின் மறுபுறம் அது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு வெயிலே விளைச்சல். அவ்வுழைப்பின் கொடுமையை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் 1979இலேயே பதிவுசெய்தார். பீடிசுற்றும் ஊர்களிலும் தீப்பெட்டி ஒட்டும் ஊர்களிலும் பள்ளி மூடினால் பிள்ளைகளின் கைகளுக்கு வேலை கூடிற்று. கோடை விடுமுறை என்பது நெல் வைத்திருந்தவர் வீட்டு வழக்கம்.

முற்றிலும் வேறான ஒரு முறையும் இதே சீமையில் உண்டு. காயல்பட்டினத்து இசுலாமியரிடையே மணமான பின் கணவனே மனைவி வீட்டுக்கு வருகிறான். வீடு மகளுக்கு வழங்கப்படுகிறது. அங்கே மகள் தாய்வீட்டுக்குத் 'திரும்ப' வேண்டியதில்லை. அவள் அதை விட்டுப் போனதே இல்லை. திருச்செந்தூருக்குச் செல்லும் வழியில் சில மைல் தொலைவுக்குள் மகளின் வாழ்க்கை இப்படி மாறிவிடுகிறது என்றால், மற்ற ஊர்களில் அவள் விருந்தாளியானதை இயற்கை என்று எப்படிக் கொள்வது?

விருந்தாளி என்ற சொல் வெறும் உவமையன்று. சட்டமே அப்படி வைத்திருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு கூறியது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு குடியிருப்பு வீட்டைத் தனியே பிரித்து வைத்தது. ஆண்வாரிசுகள் தாமாக முன்வந்து பிரிக்கும் வரை வீட்டில் பங்கு கேட்க மகளுக்கு வழியில்லை. அவ்வீட்டில் தங்கும் உரிமையும் மணமாகாதவளுக்கும், கணவனால் கைவிடப்பட்டவளுக்கும், பிரிந்தவளுக்கும், கைம்பெண்ணுக்கும் மட்டுமே. கணவனோடு நல்லபடி வாழும் மகளுக்குத் தான் பிறந்த வீட்டில் ஓரிரவு தங்குவதும் உரிமையன்று, சகோதரனின் அன்பு. மே மாதத்து அத்தனை சிரிப்பும் அந்த அன்பின்மேல் நின்றது. அவள் ஊருக்குத் திரும்புகையில் கொடுத்தனுப்பிய அரிசி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம், வத்தல் டின் ஆகியவற்றை இப்பின்னணியில்தான் காண வேண்டும். அவை பாசத்தின் அடையாளங்கள் என்பதில் ஐயமில்லை. பங்குக்கு ஈடாகவும் அவையே நின்றன.

தமிழ்நாடு அரசு 1989இல் கொண்டுவந்த திருத்தம் பூர்விகச் சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த உரிமை தந்தது. அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தாது. அதாவது, இங்கே பேசப்படும் கோடைகளின் தாய்மார் ஏறத்தாழ அனைவரும் அதற்கு வெளியே நின்றனர். 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அவ்வேறுபாட்டையும் 23ஆம் பிரிவையும் ஒருங்கே நீக்கிற்று. எனினும் 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் 'விடுதலைப் பத்திரம்' என்ற சொல் நெல்லை வீடுகளில் புழங்கலாயிற்று. தனக்குரிய பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுப்பதாக மகள் கையெழுத்திடும் பத்திரம் அது. எல்லோரும் ஊரில் கூடியிருக்கும் விடுமுறைக் காலமே அதற்கும் வசதியாக இருந்தது. பிள்ளைகள் தட்டட்டியில் காக்கை விரட்டிக்கொண்டிருக்க, தாய் சார்பதிவாளர் அலுவலகத்துப் பெஞ்சில் அமர்ந்திருப்பாள். கையெழுத்திட்டவளுக்கு அடுத்த கோடையும் கதவு திறந்திருந்தது. கேட்டு வாங்கியவளுக்குப் பங்கு கிடைத்தது, கோடை போயிற்று. இரண்டில் எது இழப்பு என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது.

இலக்கியம் இப்பெண்ணை அறியாததன்று. ஆனால் அவளைத் தொலைவிலிருந்தே கண்டது. புதுமைப்பித்தன் சென்னையில் இருந்துகொண்டு மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்னும் நூலாக 1994இல் வெளிவந்தன. கமலா அம்மையாரின் தாய்வீடு திருவனந்தபுரம். அவர் அங்கே இருந்தமையால்தான் அக்கடிதங்கள் எழுதப்பெற்றன. தமிழின் ஒப்பற்ற கடிதத் தொகுப்பொன்றுக்குத் தாய்வீடு சென்ற பெண் காரணமானாள். 1970களுக்குப் பின் நெல்லையிலிருந்து எழுந்த கவிதைகளும் சிறுகதைகளும் தெரு, வளவு, ஆறு, ஆச்சி ஆகியவற்றை அழியாதவாறு வரைந்துள்ளன. அவற்றுள்ளும் பார்க்கும் கண் பெரும்பாலும் பேரனுடையது. பேரன் ஆச்சியைப் பார்க்கிறான். இருவருக்கும் நடுவே நிற்கும் தாயைத் தாண்டியே பார்வை செல்கிறது.

இவ்வழக்கம் நலிந்த கதை நீண்டதன்று. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தபின் மேல்வகுப்புப் பிள்ளைகளின் கோடை பயிற்சி வகுப்புக்குப் போயிற்று. 2006இல் அத்தேர்வு நீங்கிய பின்னும் கோடை திரும்பவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டில் பிள்ளைகளின் எண்ணிக்கை சராசரி இரண்டளவில் நின்றது. ஒற்றைப் பிள்ளையின் பிள்ளைக்குச் சித்தியும் இல்லை, மாமனும் இல்லை. மீட்டர்கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின. திருநெல்வேலி தென்காசிப் பாதையில் 2012இல் அகலப்பாதை வண்டி ஓடத் தொடங்கிற்று. பயணம் எளிதான காலத்தில் போவதற்கு வீடு இல்லை. பாகம் பிரிந்த வீடுகள் சுவரெழுப்பிக் குறுகின. பல விற்கப்பட்டு வணிகக் கட்டடங்களாயின.

பங்குனி உத்திரக் கூட்டம் மட்டும் குறையவில்லை. கணவனின் சாஸ்தாவுக்குப் பொங்கலிட மகன் மருமகளோடு வரும் எழுபது வயதுப் பெண்கள் இப்போது சந்திப்பருகே விடுதியில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். பூசை முடிந்து ரயிலுக்குப் போகும் வழியில், சற்றே சுற்றாக இருந்தாலும் பரவாயில்லை, இன்ன தெரு வழியாகப் போ என்று ஆட்டோக்காரரிடம் சொல்வார்கள். வண்டியை நிறுத்தச் சொல்வதில்லை. மெதுவாகப் போ என்று மட்டும் சொல்வார்கள்.